தோட்டக்காரன் என்ன ஆனான்

ஷார்மைனை அவள் அப்பா சீனப் பள்ளியில் போட்டார். மாண்டரின் தெரிந்த பெண் வேலை தேடி அலையமாட்டாள் என்று நினைத்தார். மலேசியாவின் கிள்ளானில் ஒரு டயாலிசிஸ் மையத்தில் ஆறு வருடமாகத் தாதியாக இருக்கும் அவளுக்கு அந்த மாண்டரின் உதவியது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். கைப்பேசியில் ஒரு சீனத் தொடர்கதையைப் படிப்பாள். மறுநாள், ஊசி குத்திச் சாய்ந்திருக்கும் இரண்டு பேருக்கு அதைத் தமிழில் சொல்வாள்.

ஒருவர் இராமலிங்கம், லோரி ஓட்டியவர். மற்றவர் பாலன், பள்ளி கேண்டீன் நடத்தியவர். திங்கள், புதன், வெள்ளி காலையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் நான்கு மணி நேரம் இருப்பார்கள். ஏர்கோன் குளிருக்கு ஆளுக்கொரு போர்வை வீட்டிலிருந்து கொண்டுவந்து அங்கேயே வைத்திருந்தார்கள்.

கதையில் ஒரு பையன். உடம்பில் சக்தி ஓடும் நாடிகளை யாரோ அடைத்துவிட, குலமே அவனைக் குப்பை என்று தள்ளுகிறது. ஒரு தோட்டக்காரன் அவனை முதுகில் சுமந்து மலையேறிக் காப்பாற்றுகிறான். பையன் தவம் செய்து, நாடி நாடியாகத் திறந்து, படிப்படியாகச் சாகாவரத்தை நோக்கி ஏறுகிறான்.

"இது நம்ம சித்தர் சமாச்சாரம்லா," என்றார் இராமலிங்கம். "மூச்சடக்குறது, குண்டலினி எல்லாம். சீனவங்க எங்கயோ கேட்டு எழுதிட்டாங்க."

"நீதான் லோரியில ஏத்திட்டுப் போய்க் குடுத்தியோ," என்றார் பாலன்.

இராமலிங்கத்துக்கு ஏன் பிடித்தது என்று அவளுக்குத் தெரியும். ஊசி குத்துவதற்காக அவர் கையில் அறுவை செய்து வைத்த ரத்தக்குழாய் இரண்டு முறை அடைத்திருக்கிறது. பையனுக்கு அடைத்தது திறக்கும். ஏறிய படி மறுநாளும் அங்கேயே இருக்கும். இவருக்கோ ஒவ்வொரு திங்களும் முதல் படிதான்.

குறைகளும் அவளுக்குத் தெரியாதவை அல்ல. ஆயிரத்து எண்ணூறு அத்தியாயங்களில் ஊருக்கு ஒரு வில்லன் வருவான். திட்டுவது மட்டும் ஒரே வசனம். பெண்கள் எல்லாரும் பளிங்குபோல இருப்பார்கள், வாய் திறந்தால் பையனைப் புகழத்தான். சாவுதான் அதில் ரொம்ப மலிவு. ஒரு கைவீச்சில் ஒரு ஊரே அழியும், அடுத்த வரியில் பையன் தேநீர் குடிப்பான்.

மையத்திலோ யாரும் சாவைப் பற்றி நோயாளிகள் முன்னால் பேசுவதில்லை. அப்படியொரு வழக்கம். நாற்காலி காலியானால், "வேற சென்டருக்கு மாறிட்டார்" என்பார்கள். ஷார்மைன் அந்த வழக்கத்தைக் கதைக்கும் வைத்துக்கொண்டாள். யாராவது செத்தால் அந்த இடத்தைத் தாண்டிவிடுவாள். ஆட்கள் வருவார்கள், பிறகு காணாமல் போவார்கள்.

மார்ச்சில் ஒரு திங்கள் பாலன் வரவில்லை. புதன்கிழமை அவர் நாற்காலியில் வேறொருவர் இருந்தார்.

"பாலன் எங்க மிஸ்ஸி?" தாதிகள் எல்லாருமே இராமலிங்கத்துக்கு மிஸ்ஸிதான்.

"வேற சென்டர் அங்கிள். ஷா ஆலம் பக்கம்."

அவர் பக்கத்து நாற்காலியில் இருந்த புது ஆளைப் பார்த்தார். "அந்தத் தோட்டக்காரன் என்ன ஆனான்? ஆளக் காணோமே."

"வருவான் அங்கிள்."

"உன் கதையில போனவன் ஒருத்தனும் திரும்பி வரல."

வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை. திங்கள் காலையும் நாற்காலி காலியாக இருந்தது. இரண்டு முறை தவறினால் நுரையீரலில் தண்ணீர் ஏறும், இதயம் எப்போது வேண்டுமானாலும் நிற்கும். ஷார்மைன் வீட்டுக்குப் போன் செய்தாள். மகள் விஷ்ணுப்ரியா எடுத்தாள். "எவ்வளவோ கெஞ்சிட்டேன் சிஸ்டர். அசைய மாட்டேங்கிறார்."

"போனை அவர்கிட்ட குடுங்க."

மூச்சு வாங்கும் சத்தம்தான் முதலில் கேட்டது. "நான் வரல மிஸ்ஸி. வந்து படுப்பேன். அப்புறம் ஒரு நாள் நானும் ஷா ஆலம் போயிட்டேன்னு சொல்லுவ."

அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். "தோட்டக்காரன் செத்துட்டான் அங்கிள். முந்நூறாவது அத்தியாயத்துல, பையனக் காப்பாத்தப் போயி. நான்தான் சொல்லாம விட்டேன்."

"பையன் அழுதானா?"

"பழி வாங்குவேன்னு சத்தியம் பண்ணான். ரெண்டு அத்தியாயத்துல மறந்துட்டான்."

"எழுதுனவனுக்கு அறிவே இல்ல." மூச்சு வாங்கினார். "பாலன்?"

முகப்பு மேசையில் தலைமைத் தாதி எழுதிக்கொண்டிருந்தார். ஷார்மைன் குரலைத் தாழ்த்தவில்லை.

"போன வாரம் ஞாயித்துக்கிழமை தவறிட்டாரு. சாப்பிட்டுட்டுச் சாய்ஞ்சவரு எழுந்திரிக்கல. செவ்வாய்க்கிழமை அவரு சம்சாரம் நல்லம்மாள் ஆன்டி வந்து போர்வைய எடுத்துட்டுப் போனாங்க. உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க. நான் சொல்லல."

மறுமுனையில் அவர் மகளிடம் சட்டை எடுக்கச் சொல்வது கேட்டது.

"மத்தியானம் எடம் இருக்கா?"

"உண்டாக்குறேன் அங்கிள்."

மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு அவர் வந்தார். கால் வீங்கியிருந்தது. எடையில் நாலரைக் கிலோ தண்ணீர். ஊசி ஏறி ரத்தம் குழாயில் ஓடத் தொடங்கியதும் ஷார்மைன் பேச வாயெடுத்தாள். அவர் மற்றக் கையை உயர்த்தினார்.

"இன்னிக்கி நான் சொல்றேன். இந்தப் பாலன் இருக்கானே, கேண்டீன்ல ஒரு முட்டைய நாலு பிள்ளைக்கு வெட்டுவான்..."

அவர் குரல் அறை முழுக்கக் கேட்டது. மத்தியான ஷிப்டில் பாலனை யாருக்கும் தெரியாது. ஒருவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.