ஞானாபரணத்தின் ஆட்சேபணை

பிள்ளையார்பாளையத்தில் ஞானாபரணத்தம்மாள் உட்காராத தறி அபூர்வம். பாவு பிணைக்கிற வேலை அவருக்கு. தறியில் நெடுக்காக ஓடும் பழைய பாவு தீரும்போது, அதன் ஒவ்வோர் இழை நுனியையும் புதுப் பாவின் இழையோடு சேர்த்து முறுக்கிவிட வேண்டும். பட்டு வழுக்கும் என்பதால் விரலைச் சாம்பலில் தொட்டுத் தொட்டு முறுக்குவார். ஆயிரக்கணக்கான இழைகள். குனிந்த தலை நிமிராது. நிமிர்ந்தால் கழுத்தில் நெட்டி முறியும் சத்தம் எதிர்வீட்டுக்குக் கேட்கும் என்று தறிக்காரர் தணிகாசலம் கேலி செய்வார்.

இத்தனை கோயில்கள் உள்ள ஊரில் கிறிஸ்தவர்கள் எங்கள் வேதக்கோயில் எங்கே என்று கேட்டால் ஜட்காக்காரர் நாலு தெரு சுற்றுவார். அதில் நான் ஆர்மோனியம் வாசித்தேன். ஞானாபரணம் கடைசி பெஞ்சில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருப்பார். அதைத் தாழ்மை என்று சிலர் மெச்சினார்கள். முதுகுவலி என்பது எனக்குத் தெரியும்.

புருஷன் இல்லை. ஒரே மகள், சுகிர்தம். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது எங்கள் வழக்கப்படி மூன்று ஞாயிறு ஓலை வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று போதகர் கேட்பார். அது சபையார் இருமிக்கொள்கிற நேரம், யாரும் எழுந்ததில்லை. மூன்றாம் ஞாயிறு அருமைநாயகம் எழுந்தார். காணிக்கைத் தட்டு ஏந்துகிற பெரிய மனுஷர். பெண்ணுக்கு ஐயம்பேட்டையில் ஒருவனோடு பழக்கம் என்றார். அப்படி ஒருவன் ஐயம்பேட்டையில் கிடையாது என்று விசாரித்துத் தெரிந்துகொள்வதற்குள் மாப்பிள்ளை வீட்டார் விலகிவிட்டார்கள். சபை அருமைநாயகத்தை, அப்பமும் ரசமும் பெறுகிற திருவிருந்திலிருந்து நீக்கியது. அவர் மீசையைத் தடவிக்கொண்டு போனார். சுகிர்தம் வேலூரில் ஒரு விடுதியில் வேலைக்குப் போய்ச் சேர்ந்தாள். கிறிஸ்துமஸுக்குக்கூட ஊர்ப் பக்கம் தலைவைக்கவில்லை. தாயார்தான் அவ்வப்போது பஸ் ஏறிப் போய்ப் பார்த்து வருவார்.

அதெல்லாம் நடந்து ஏழெட்டு வருஷம் கழித்து, எழுபத்திரண்டாம் வருஷம், ஈஸ்டருக்கு முந்திய லெந்து நோன்புக் காலத்தில் அருமைநாயகம் போதகர் வீட்டு வாசலில் வந்து நின்றார். மீசை நரைத்து, ஆள் பாதியாகியிருந்தார். அந்த மாப்பிள்ளையைத் தன் மகளுக்கு முடிக்க ஆசைப்பட்டு வாய்கூசாமல் சொன்ன பொய் என்று ஒப்புக்கொண்டு அழுதார். சபை முன்னால் செய்ததைச் சபை முன்னால்தான் தீர்க்க வேண்டும். ஓலை மாதிரியே, இவரைச் சேர்த்துக்கொள்ள ஆட்சேபணை உண்டா என்று கேட்பார்கள். ஒருவர் மறுத்தாலும் அவர் வெளியேதான். மறுக்கக்கூடியவர் ஒருவரே என்பது எல்லாருக்கும் தெரியும்.

போதகர் என்னையும் கூட்டிக்கொண்டு தணிகாசலம் வீட்டுக்குப் போனார். ஞானாபரணம் தறிக்குழியில் கால் விட்டு, இழைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். போதகர் வேதத்தில் வரும் யோனா தீர்க்கதரிசியின் கதையை ஆரம்பித்தார். பகைவர் பட்டணமான நினிவே மனந்திரும்பியது, ராஜாவே சாம்பலில் உட்கார்ந்தான், தேவன் மன்னித்தார், யோனாவுக்குத்தான் பொறுக்கவில்லை என்றார். வெந்த புண்ணில் வேல் பாய்ச்ச இவர் எங்கே படித்தார் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

"நானும்தான் தெனம் சாம்பல்ல கை வச்சிக்கினு இருக்கறேன் ஐயா," என்றார் ஞானாபரணம். "யோனாவப் பாத்து எல்லாரும் சிரிக்கிறீங்க. நினிவேக்காரன் அவரு வீட்ட இன்னா பண்ணினான்னு ஒருத்தரும் கேக்கல."

"கோபத்தை விட்டுடுங்கம்மா."

"கோவமா? அது எப்பவோ பூடுச்சி. அலுப்பா இருக்குது. அந்த ஆளு அழுவறாராம், நான் போய்த் தொடச்சி விடணுமாம். அந்த வேலையும் எனக்குத்தானா?"

போதகர் செருப்பை மாட்டிக்கொண்டார். ஞானாபரணத்தின் பக்கம்தான் நியாயம் என்று எனக்குத் தோன்றியது. இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.

ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்திலும் யோனாதான். நிழல் தந்த ஆமணக்குச் செடி பட்டுப்போனதற்கு அழுத மனுஷன், அத்தனை ஜனங்கள் பிழைத்ததற்கு ஏன் மகிழவில்லை என்று போதகர் கேட்டார். அந்தப் புத்தகம் தேவனுடைய கேள்வியோடு முடிகிறது. யோனா என்ன பதில் சொன்னார் என்று எழுதியிருக்கவில்லை. பிறகு அருமைநாயகத்தை முன்னால் நிறுத்தி, ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். அன்றைக்கு யாரும் இருமவில்லை.

ஞானாபரணம் எழுந்தார். எழுவதற்கே பெஞ்சைப் பிடிக்க வேண்டியிருந்தது.

"ஆட்சேபண இருக்குது ஐயா. நான் சாவற மட்டும் இருக்கும். இல்லன்னு சொன்னா அதுவும் பொய்தான். ஆனா அத வச்சிக்கினு அவர வெளிய நிறுத்தாதீங்க. அப்படியே சேத்துக்கங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். போதகர் ஜெபப் புத்தகத்தில் பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தார். நான்தான் ஒரு பாட்டைத் தொடங்கிச் சமாளித்தேன். திருவிருந்தில் இருவரும் பீடத்துக்கு முன்னால் உள்ள கம்பியின் இந்தக் கோடியிலும் அந்தக் கோடியிலும் முழங்காலிட்டார்கள்.

ஆராதனை முடிந்ததும் அருமைநாயகம் வாசலில் ஞானாபரணம் முன்னால் வந்து நின்று கேவினார். ஞானாபரணத்தின் கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

"என்கிட்ட அழுது இன்னா பிரயோஜனம்? நீங்க பொய் சொன்னது என்னப் பத்தி இல்ல. வேலூருக்குப் பஸ் இருக்குது. அங்க போய் அழுவுங்க."

"நீயும் கூட வாம்மா. தனியாப் போவப் பயமா இருக்குது."

"எனக்கு வேல இருக்குது," என்று சொல்லிவிட்டுச் சுவரோர நிழலைப் பிடித்து நடந்தார்.

மறுநாள் நடந்ததைத் தணிகாசலம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பொழுது சாய்கிற நேரம். பாவில் இன்னும் பாதி இழை பாக்கி. அருமைநாயகம் பஸ் புழுதியோடு தறிக்கூடத்து வாசலில் வந்து நின்றாராம்.

"போனேம்மா. பேரச் சொன்னதும் பொண்ணு கதவச் சாத்திடிச்சி. வெயில்ல நின்னு பாத்தேன். தொறக்கல."

ஞானாபரணம் விரலைச் சாம்பலில் தொட்டு அடுத்த இழையை எடுத்தார்.

"நாளைக்கும் பஸ் இருக்குது," என்றாராம், தலையைத் தூக்காமல்.