டயர் வெடித்த காலை

கொரோனா வந்த வருஷம். கம்பெனியைப் பூட்டிவிட்டார்கள். எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பேருக்குப் பட்டாசு வேலை. சும்மா உட்கார்ந்து பழக்கமில்லை.

எதிர்வீட்டில் என் மதினி. அண்ணன் இறந்த பிறகு தனியாக இருந்தார். நான், மதினி, தெருவில் இன்னும் இரண்டு பேர், கம்பெனியில் ஒரே ரூமில் வேலை. ஒரு ரூமுக்கு நாலு பேருக்கு மேல் கூடாது. வெடிச்சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வெட்டவெளிக்கு ஓட வேண்டும். நாலு பேரும் வந்தாச்சா என்று அங்கே நின்று பார்க்க வேண்டும். மூத்தவர் என்பதால் மதினிதான் கேட்பார்.

வேலை நின்றதும் மதினி கதவைத் திறப்பதை விட்டுவிட்டார். வாசலில் வைத்த சோறு அப்படியே இருக்கும். கூப்பிட்டால், "பசிக்கல, போ" என்பார். குரல் நாளுக்கு நாள் இறங்கியது. டிவியில் மனதைத் தைரியமாக வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். எப்படி என்று சொல்லவில்லை. நோயைவிட மதினியை நினைத்துத்தான் எனக்குப் பயம்.

ஒருநாள் காலை தெருவில் பால் வண்டி டயர் வெடித்தது.

என்ன ஏது என்று யாரும் பார்க்கவில்லை. தெருவே ஓடியது. தெருக்கோடிப் பொட்டலுக்கு நான் போனபோது மதினி எனக்கு முன்னால் நின்றார். தலை விரிந்து கிடந்தது. மூச்சு வாங்கியது. மற்ற இரண்டு பேரும் வந்து சேர்ந்தார்கள்.

"நாலு பேரும் இருக்கோமா?"

"இருக்கோம் மதினி."

என் கையைப் பார்த்தார். "தோசைக் கரண்டிய எதுக்குத் தூக்கிட்டு வந்த? கையில இருக்கதப் போட்டுட்டு ஓடணும்னு எம்புட்டுத் தடவ சொல்லிருக்கேன்!"

பால்காரர் அங்கிருந்து கத்தினார். "ஏக்கா, ஒரு டயருக்கா இந்த ஓட்டம்? பால் வேணுமா வேண்டாமா?"

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும். மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார்.

"வாங்க மதினி, அடுப்புல தோசை கருகுது."

வந்தார். வாசலிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். மூன்றாவது தோசையில்தான் வாய் திறந்தார்.

"சட்னியில உப்பே இல்ல."

"அப்ப நாளைக்கு நீங்க அரைங்க."

மறுநாள் விடியும்போதே எதிர்வீட்டில் மிக்சி ஓடியது. கதவு திறந்து கிடந்தது. நாலு வீட்டுக்கும் சட்னி வந்தது.

உப்பு கரித்தது. வழித்துச் சாப்பிட்டோம்.