புதுக் கமராவும் மூன்றாம் ஓலையும்

கமரா விற்பது சுகமான தொழில் என்று நினைக்கிறவர்கள் கமரா வாங்க வருகிறவர்கள் மட்டும்தான். நீங்களும் ஒரு கண்ணாடி மேசைக்குப் பின்னால் நின்று செருப்போ சீலையோ மணிக்கூடோ விற்றுப் பிழைப்பவர் என்றால், மேலே நான் விளக்கத் தேவையில்லை. எது நல்லது என்று கேட்பார்கள். சொன்னால் நம்ப மாட்டார்கள். சொல்லாவிட்டால் கோபிப்பார்கள்.

திருகோணமலையில் துறைமுகத்துக்குப் போகிற வழியில் என் கடை. முந்தி பாஸ்போர்ட் படம் எடுத்துத்தான் காலம் தள்ளினேன். இப்போது இளசுகளுக்குப் பிலிம் கமரா ஆசை வந்திருக்கிறது, அதிலும் ஹாஃப் பிரேம். சாதாரணக் கமரா ஒரு படம் எடுக்கிற இடத்தில் இது இரண்டு எடுக்கும். முப்பத்தாறு படப் பிலிமில் எழுபத்திரண்டு படம். பிலிம் விற்கிற விலைக்கு எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். என்னிடம் அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, பெட்டியோடு வருகிற புதுசு. மற்றது, என் அப்பா வயதுள்ள பழசு; நானே கழற்றித் துடைத்து ஓட வைத்தது. இரண்டையும் ஒரே தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறேன். என் கரைச்சல் எல்லாம் அந்தத் தட்டில்தான் தொடங்குகிறது.

நிமிர்ந்து நின்ற பாலம்

கிண்ணியாவில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிற ஹனீபா நானா ஒரு புதுசை வாங்கிக்கொண்டு போனார். போகும்போதே சொல்லித்தான் அனுப்பினேன்: இந்தக் கமராவை வழக்கம்போலப் பிடித்தால் படம் நெட்டையாக வரும், அகலமாக வேண்டுமென்றால் கமராவைச் செங்குத்தாகத் திருப்பிப் பிடிக்க வேண்டும். அவர் தலையை ஆட்டிய வேகத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. கடைக்காரர் இன்னொரு கடைக்காரர் சொல்வதைக் கேட்டதாகச் சரித்திரம் இல்லை.

இரண்டு கிழமை கழித்துப் பிலிமோடு வந்தார். கழுவிக் கொடுத்தேன். ஊருக்கே பெருமையான அந்த நீளப் பாலத்தைத்தான் எடுத்திருக்கிறார். ஒவ்வொரு படத்திலும் ஒரு தூண், நிறைய ஆகாயம், கீழே கொஞ்சம் தண்ணீர். எல்லாப் படங்களையும் மேசையில் வரிசையாக ஒட்டி ஒட்டி வைத்து ஒரு பாலம் கட்டப் பார்த்தார். மேசை போதவில்லை. கமராவைத் திருப்பிப் பிடித்தீர்களா என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"தங்கச்சி, பாலம் நீளம்தான். உங்கட கமராக்குத்தான் அது தெரியல்ல."

திறந்து பார்க்கிற மாப்பிள்ளை

ஜெறோம் வள்ளங்களுக்கு எஞ்சின் திருத்துகிறவன். ஷாமினி நகரத்தில் ஒரு பாமசியில் மருந்து கொடுக்கிறவள். இருவருக்கும் கலியாணம் நிச்சயமாகி, கோயிலில் முதல் ஓலை வாசித்த அடுத்த நாள் என் கடைக்கு வந்தார்கள். நீங்கள் கத்தோலிக்க வேதக்காரர் இல்லையென்றால் சொல்லிவிடுகிறேன்: கலியாணத்துக்கு முன்னர் மூன்று ஞாயிறு பூசையில் இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் என்று வாசித்து, தடை ஏதும் இருந்தால் அறிவியுங்கள் என்று கேட்பார்கள். அதுதான் ஓலை. ஒவ்வொரு வாசிப்புக்கும் பெண்வீட்டார் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பார்கள்.

ஜெறோமின் போன் நிச்சயதார்த்தப் படங்கள் அத்தனையோடும் கடலுக்குள் விழுந்துவிட்டதாம். எஞ்சினுக்குள் குனிந்தபோது சட்டைப் பையிலிருந்து நழுவியது. இனிக் கையில் பிடிக்கிற படம்தான் வேண்டும் என்று இருவரும் ஒரே முடிவு. அந்த ஒற்றுமை தட்டைக் காணும்வரைதான். அவன் கை பழசுக்குப் போனது, அவள் கை புதுசுக்குப் போனது. பழசின் அடித்தகட்டைத் திறந்து காட்டச் சொன்னான். காட்டினேன். உள்ளே இருந்த பற்சில்லைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்ததை ஷாமினி கொஞ்சம் பொறாமையோடு பார்த்தாள் என்றே நினைக்கிறேன். புதுசையும் திறக்கலாமா என்று கேட்டான். திறந்தால் வாரண்டி போய்விடும் என்றேன். உடனே புதுசைத் தட்டில் வைத்துவிட்டான்.

"திறக்க ஏலாத சாமானை நான் நம்பமாட்டன் அக்கா. அதை வீட்டுக்குள்ள விட்டா எனக்கு நித்திரை வராது."

பையில் இருந்த பெயர்

புதன்கிழமை மத்தியானம் ஷாமினி தனியாக வந்தாள். புதுசை எடுத்துத் தரச் சொன்னாள். பார்க்கவில்லை, மூக்கருகே பிடித்து மணந்தாள். நான் என் வியாபாரப் புத்தியில் இரண்டின் குறைகளையும் ஒப்புவித்தேன். புதுசு பிளாஸ்டிக், தூரத்தை நாமே மட்டுக்கட்டி வைக்க வேண்டும். பழசு இரும்பு, ஆனால் இந்தக் கடற்காற்றுக்கு லென்சுக்குள் பூஞ்சணம் பிடிக்கும், வெளிச்சம் அடைக்கிற ஸ்பொஞ்ச் உதிரும், வருடத்துக்கு ஒருமுறை என்னிடம்தான் வர வேண்டும். அவள் காதில் ஒன்றும் ஏறவில்லை. வருங்கால மாப்பிள்ளைக்குப் பழசுதானே பிடித்திருக்கிறது, விட்டுக்கொடுத்தால் என்ன என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அகதி முகாமில் வளர்ந்த பிள்ளை அவள். சட்டை, சப்பாத்து, கட்டில், சைக்கிள் எல்லாம் யாரோ கொடுத்து வந்தவை. கொடுத்தவர்களில் அவளுக்குக் கோபம் இல்லை. அவர்கள் தராவிட்டால் ஒன்றுமே இருந்திராது என்று அவளே சொன்னாள். கலியாணச் சீலைகூட மச்சாளுடையது, அதிலும் குறை இல்லை. இந்த ஒரு சாமான் மட்டும் முதலில் தன் கைக்கு வர வேண்டுமாம். ஜெறோமிடம் இதைச் சொன்னாயா என்றேன். சொன்னால் பாவம் பார்த்து வாங்கித் தருவார், அது வேண்டாம் என்றாள். நான் புதுசைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டேன். அவள் தன் பாட்டில் சொன்னாள்:

"என்ர பள்ளிக்கூடப் பையில வேற ஒரு பிள்ளையின்ர பேர் எழுதி இருந்தது அக்கா. உரஞ்சி உரஞ்சிப் பாத்தன், போகேல்ல."

ஞாயிற்றுக்கிழமைச் சோதனை

என் கடையில் ஒரு வழக்கம் உண்டு. முடிவெடுக்க முடியாமல் தவிக்கிறவர்களுக்கு, கடைப் பாவனைக்கு வைத்திருக்கிற கமராக்களை ஞாயிற்றுக்கிழமைக்கு இரவல் கொடுப்பேன். அடையாள அட்டையை வைத்துவிட்டுப் போக வேண்டும், பிலிம் அவர்கள் செலவு. இருவருக்கும் பழசில் ஒன்றும் புதுசில் ஒன்றும் கொடுத்தேன். இரண்டு பிலிம் எடுங்கள் என்றேன். ஒன்றில்தான் எழுபத்திரண்டு விழுமே, ஆளுக்குப் பாதி போதும் என்றான் ஜெறோம். எனக்கும் அது புத்தியான கதையாகத்தான் பட்டது.

அன்று இரண்டாம் ஓலை. காலையில் அவன் பழசால் முப்பத்தாறு படம் எடுத்தான். எஞ்சின், வள்ளத்தைத் தள்ளுகிற காற்றாடி, நங்கூரக் கயிறு, திரும்ப எஞ்சின். பிறகு பிலிமை, அதன் நுனி நாக்கு டப்பாவுக்குள் போய்விடாதபடி அளவாகச் சுற்றி எடுத்துப் புதுசில் போட்டான். எடுத்த பாதியைத் தாண்ட வேண்டுமே, அதற்காக லென்சைக் கையால் பொத்திக்கொண்டு பதினெட்டு முறை அமுக்கி நகர்த்தியிருக்கிறான். முப்பத்தாறில் பாதி பதினெட்டு என்பது கை பழகிய கணக்கு. இது ஹாஃப் பிரேம், முப்பத்தாறு முறை நகர்த்த வேண்டும் என்பது அந்த நேரம் அவன் மூளையில் ஓடவில்லை. கமராவை ஷாமினியிடம் கொடுத்தான். அவள் கோயில் வாசலில் தன் அம்மாவை நிறுத்தி, முந்தானையைச் சரிசெய்து, ஆறுதலாகப் பத்துப் பதினைந்து படம் எடுத்தாள். அத்தனையும் அவன் எடுத்த படங்களின் மேலே விழுந்தன.

திங்கள் பின்னேரம் படங்களை மேசையில் பரப்பினேன். அம்மாவின் முகத்தில் வள்ளத்துக் காற்றாடி. அம்மாவின் கழுத்தைச் சுற்றி நங்கூரக் கயிறு. ஜெறோம் சிரித்துவிட்டான். உள்ளதைச் சொன்னால் எனக்கும் சிரிப்பு முட்டியது. ஷாமினி சிரிக்கவில்லை. ஒவ்வொரு படமாக எடுத்துப் பார்த்து, அடுக்கி, அவன் பக்கம் தள்ளினாள். மூன்றாம் ஓலையை வாசிக்க வேண்டாம் என்று ஃபாதரிடம் சொல்லப்போவதாகச் சொன்னாள். ஒரு படத்துக்கா என்று அவன் கேட்டான். கதவடியில் நின்று, குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

"எனக்கு வந்ததெல்லாம் ஆரோ பாவிச்சு விட்டது. நீங்கள் தந்த பிலிமும் அப்பிடித்தான்."

பெட்டியின் மேல் ஒரு கை

அந்தக் கிழமை எனக்கு வியாபாரத்தில் மனம் ஓடவில்லை. கலியாணத்துக்குத் தடை சொல்ல ஊரில் ஒருவரும் இல்லாதபோது என் தட்டிலிருந்து ஒரு தடை எழும்பிவிட்டதே என்று இருந்தது. ஷாமினி ஃபாதரிடம் போனாளாம். சனிக்கிழமை பின்னேரம் வரைக்கும் யோசித்து வந்து சொல் என்று அவர் திருப்பி அனுப்பிவிட்டாராம். இதையெல்லாம் சனி காலை கடை திறக்கும்போதே வந்து நின்ற ஜெறோம் சொன்னான். கை கழுவிவிட்டு வந்திருந்தான், நகத்துக்குள் மட்டும் கொஞ்சம் எண்ணெய்க் கறுப்பு. அந்தப் பையின் கதை அவனுக்குத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. அவள் கதவடியில் சொன்ன அந்த ஒரு வசனத்தை ஐந்து நாளாகத் திருப்பித் திருப்பி யோசித்திருக்கிறான் என்பது முகத்தில் தெரிந்தது.

புதுசு ஒன்று தாருங்கள் என்றான். உள்ளேயிருந்து ஒரு பெட்டி எடுத்து வந்து, உறையைக் கிழிக்கக் கத்தரிக்கோலைத் தூக்கினேன். என் கடையில் எந்தக் கமராவும் நான் திறந்து, பற்றறி போட்டு, நாலு தரம் அமுக்கிப் பார்க்காமல் வெளியே போகாது. பழுதைக் கட்டிக்கொடுத்துவிட்டுப் பிறகு பேச்சு வாங்க என்னால் ஏலாது. ஜெறோம் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தான். ஒருவேளை ஓடாவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். ஓடாவிட்டால் அவளோடு திரும்பி வருவேன் என்றான். ஒரு பூட்டைக்கூடத் திறந்து பார்க்காமல் வாங்காதவன் அவன். கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். அவன் கையை எடுக்காமலே சொன்னான்:

"திறக்காதேங்கோ அக்கா. நானும் திறக்கமாட்டன். முதல்ல படுற கை அவவின்ர கையா இருக்கட்டும்."

இன்னொன்று வேண்டும்

உறை கிழியாத அந்தப் பெட்டி அன்றே ஷாமினியின் கைக்குப் போனது. மூன்றாம் ஓலை வாசித்தார்கள். நான் வேதக்காரி இல்லை, ஆனாலும் அந்த ஞாயிறு கோயிலுக்கு வெளியே ஒரு ஓட்டோக்காரரோடு தேவையில்லாமல் கதைத்துக்கொண்டு நின்றேன். கலியாணத்துக்கும் போனேன், நன்றாகச் சாப்பிட்டேன்.

ஒரு மாதம் கழித்து ஷாமினி முதல் பிலிமோடு வந்தாள். கமரா ஓடியிருக்கிறது, கடவுளுக்குப் புண்ணியம். முதல் படம் அவளுடைய அம்மா. முகத்தில் காற்றாடி இல்லை, வெயில் மட்டும். நான் ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டேன். படங்களைப் பையில் வைத்த பிறகும் அவள் போகவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பழசு இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள். யாருக்கு என்றேன். சுற்றிவரப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்:

"அவருக்குத்தான் அக்கா. கெதியாக் கட்டித் தாங்கோ. நேற்று என்ர புதுசைத் தூக்கிப் பிடிச்சு, ஆணி எங்க எங்க இருக்கெண்டு பாத்துக்கொண்டு இருந்தவர்."

புதுசு நல்லதா பழசு நல்லதா என்ற கேள்விக்கு எனக்கு இன்றுவரை விடை தெரியாது. கேட்கிறவருக்கு உட்கார ஒரு கதிரையைப் போட்டுவிட்டு, இரண்டையும் வெவ்வேறு தட்டில் வைக்க மட்டும் படித்துக்கொண்டேன்.