லாலாகுடாவில் ஒரு டேனர்

செய்தி கம்பெனி பஸ்ஸில் வந்தது. லாலாகுடா நிறுத்தத்தில் வழக்கம்போல் வண்டி நின்றது. யாரும் ஏறவில்லை. டிரைவர் யாதகிரி கதவைத் திறந்தேவைத்திருந்தார். பிறகு திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "டேனர் சார் லேரு, அம்மா." இனி இல்லை என்றார், தெலுங்கில். விடிகாலையில் மாரடைப்பாம். வண்டி கிளம்பியது. என் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காரவில்லை. யாரும் உட்கார வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

நம் கம்பெனியின் ஐதராபாத் தமிழ்ச் சங்க மலருக்காக இதை எழுதுகிறேன். படிக்கும் உங்களுக்கு சாமுவேல் டேனரைத் தெரியும். என்னைவிடப் பல வருடம் முன்னாலிருந்தே தெரியும். ஆனாலும் அவரை ஆங்கிலோ இந்தியர் என்று நாம் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலத்திலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

அவர் எதையும் மறைக்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார். நமக்குக் கேட்கவில்லை.

நான் எம்.ஏ. முடித்து டாக்குமெண்டேஷன் பிரிவில் சேர்ந்த புதிது. இயந்திரங்களோடு வெளிநாட்டிலிருந்து வரும் கையேடுகளைப் பிரித்து அடுக்கிவைப்பது எங்கள் வேலை. எதிர் மேஜை அவருடையது. அன்று சங்கச் செயலாளர் ஏதோ ரசீது கொடுக்க எங்கள் அறைக்கு வந்தார். டேனர் சார் அவரிடம் இரண்டு வார்த்தை பேசினார்.

"என்ன சார், எங்காத்துப் பசங்களைவிட நன்னாத் தமிழ் பேசறேளே!"

"எங்கம்மா கிட்ட கத்துக்கினேன் சார்."

"ஓ, மதர் தமிழா?"

"ஃபாதரும்தான்."

செயலாளர் விழுந்து விழுந்து சிரித்தார். நல்ல ஜோக் என்று நினைத்துவிட்டார். டேனர் சார் அவர் சிரித்து முடிக்கும்வரை பொறுமையாக இருந்தார். நிறம் கறுப்பு. வடாற்காட்டுப் பேச்சு. இரண்டையும் அந்தப் பெயர் மூடியிருந்தது.

இன்னொரு நாள் பஸ்ஸில் ஒருவர் பரம்பரை பற்றி விசாரித்தார். "எங்க தாத்தா பேரணாம்பட்டுல தோல் பதனிட்டவரு சார்" என்றார் இவர். கேட்டவர் மரியாதையாகத் தலையசைத்தார். "அந்தக் காலத்துலயே ஃபாக்டரி வச்சிருந்தாரா? பெரிய துரையா இருந்திருப்பாரே."

"இல்ல சார். தொட்டியில எறங்கி மிதிச்சாரு."

"ஹாண்ட்ஸ் ஆன் மேனேஜ்மெண்ட்" என்றார் கேட்டவர். டேனர் சார் என் பக்கம் திரும்பி, ஜன்னலைப் பார்ப்பதுபோல் கண்ணைச் சிமிட்டினார்.

பெயர் வந்த விதம் எளியது. தாத்தா பஞ்சம் பிழைக்க லாலாகுடாவுக்கு வந்து ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தார். இயந்திரங்களை ஓட்டும் நீளமான தோல் பட்டைகளைத் தைத்து, எண்ணெய் போட்டுப் பராமரிக்கும் வேலை. தாத்தா பெயரும் சாமுவேல்தான். அங்கே ஏற்கெனவே பல சாமுவேல்கள். குழப்பம் வராமல் இருக்க வெள்ளைக்கார ஃபோர்மன் ஒருவனை ஃபிட்டர் சாமுவேல் என்பான், ஒருவனை ஹேமர்மேன் சாமுவேல் என்பான். இவர் தாத்தாவை மட்டும் ஊரில் செய்த தோல் பதனிடும் வேலையை ஆங்கிலத்தில் சொல்லிக் கூப்பிட்டான். சாமுவேல் டேனர். மற்றவர்களின் பட்டம் அவர்களோடு ஓய்வு பெற்றது. இவர்களுடையது ஞானஸ்நானப் பதிவில் ஏறி, குடும்பப் பெயராக நின்றுவிட்டது.

"எங்கப்பா விடல" என்பார். "அந்தப் பேருக்குள்ள பூந்து ஒளிஞ்சிக்கினாரு. வீடு பாக்கப் போனா டேனர்னு சொன்னாலே கதவு தொறக்கும். அவருக்கு அப்போ அது வேணும்."

இங்கிலாந்தில் இந்தப் பெயருக்கு என்ன ஆயிற்று என்பது அவருக்குத் தீராத கேள்வி. நம் கம்பெனியிலிருந்து பயிற்சிக்கு வெளிநாடு போகும் என்ஜினீயர்களிடம் எல்லோரும் எதையாவது கேட்போம். நைலக்ஸ் புடவை, ஷேவிங் செட், குழந்தைக்கு சாக்லேட். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "ஓட்டல் ரூம்ல டெலிபோன் புக் வச்சிருப்பாங்க சார். டி எழுத்தத் தொறந்து எங்க ஆளுங்க நெறைய இருக்காங்களா, கொஞ்சமா இருக்காங்களான்னு மட்டும் பாத்துட்டு வாங்க."

அவர்கள் பார்த்துவந்து சொன்னார்கள். முதலில் வேடிக்கைக்கு, பிறகு பழக்கத்தில். தெற்கே, தென்மேற்கே நிறைய. வடக்கே குறைவு. ஏன் குறைவு என்று நான் பல்கலைக்கழக நூலகத்தில் பார்த்துச் சொன்னேன். தோல் பதனிடுகிறவனை வடக்கே பல இடங்களில் பார்க்கர் என்றார்கள். பார்க் என்றால் தோலைப் பதனிட உதவும் மரப்பட்டை. அதை உரிக்கிறவன். அதே வேலை, அங்கே வேறு பெயர். துணியை மிதித்துக் கெட்டிப்படுத்துகிறவன்கூட இப்படித்தான், வடக்கே வாக்கர், தென்கிழக்கே ஃபுல்லர், தென்மேற்கே டக்கர். ஸ்விட்சர்லாந்து போய்வந்த ஒருவர், பக்கம் பக்கமாக டேனர்கள் இருப்பதாக உற்சாகமாகச் சொன்னார். அதையும் தேடினேன். அது ஊசியிலை மரக்காட்டிலிருந்து வந்த பெயர். தோலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

"அப்போ அவங்க வேற" என்றார். கொஞ்சம் வருத்தம்தான்.

நூலகத்தில் கிடைத்த இன்னொன்றும் உண்டு. அந்தச் சொல்லின் வேரைப் பிடித்துக்கொண்டே போனால் இடைக்கால லத்தீனில் ஓக் மரத்தின் பட்டைக்குப் போய்ச் சேர்கிறது. இதைச் சொன்னபோது கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"பேருக்குள்ள தோலே இல்லையா?"

"இல்லை சார். பட்டைதான்."

"எங்க ஊர்ல ஆவாரம் பட்ட. தொட்டித் தண்ணி அதுலதான் செவக்கும். எங்க தாத்தா கால் சாவுற வரைக்கும் செவப்பு." டீயை மறுபடி எடுத்துக் குடித்தார். பிறகு, "நாத்தம் ஒரு ஜனத்துக்கு, பட்ட ஒரு ஜனத்துக்கு" என்றார்.

ஒருமுறை பயிற்சிக்குப் போன எங்கள் என்ஜினீயர் முரளி, இங்கிலாந்தின் தென்மேற்கில் ஏதோ ஊரில் பல்வலி வந்து பல் டாக்டரிடம் போனான். டாக்டர் பெயர் டேனர். முரளிக்கு வலி மறந்துவிட்டது. உங்கள் பெயருக்கு என்ன பொருள் என்று கேட்டிருக்கிறான். டாக்டர் யோசித்துவிட்டு, "தோல் சம்பந்தமாக ஏதோ என்று நினைக்கிறேன், அதைப் பற்றி யோசித்ததே இல்லை" என்றாராம்.

டேனர் சார் அதைத் திரும்பச் சொல்லச் சொன்னார். முரளி திரும்பச் சொன்னான்.

"யோசிச்சதே இல்லையா?"

"ஆமா சார். சிரிச்சிட்டு வாயத் தொறங்கன்னுட்டார்."

 அன்று மாலை பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, "எத்தன தலமொற ஆயிருக்கும் மேடம், அந்த மாதிரி மறக்க?" என்று கேட்டார்.  பதிலுக்குக் காத்திராமல் இறங்கிப் போனார்.

சங்கக் கூட்டத்தில் பேசும்படி செயலாளர் அழைத்தது இதற்குப் பிறகு. "இங்கிலீஷ் சர்நேம்ஸ் பத்தி ஏதோ ஆராய்ச்சி பண்றேளாமே. லைட்டா பேசுங்கோ." நூலகக் குறிப்புகளைக் கொடுக்க லாலாகுடா வீட்டுக்குப் போனேன். மகள் மெர்சி இருந்தாள். அப்போதுதான் ஓர் ஆங்கிலப் பள்ளியில் டீச்சராகச் சேர்ந்திருந்தாள். நான் உள்ளே நுழையும்போதே வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது.

"கைக்கு டாடி? எவரு அடிகாரு உங்கள?" எதற்கு, யார் கேட்டார்கள் என்கிறாள், ஐதராபாத் உருதுவும் தெலுங்கும் கலந்து.

"அவங்கதான் கூப்ட்டாங்க."

"பேரு பத்திக் கேட்டாங்க. தாத்தா பத்தி இல்ல."

"பேருல தாத்தா இல்லன்னா பின்ன யாரு இருக்காங்க?"

"சங்கத்துப் பசங்க பாதிப் பேர் என் க்ளாஸ்ல. இண்டர்வியூல பிரின்சிபாலம்மா என் சர்டிபிகேட் பாக்கவே இல்ல. பேர மட்டும் பாத்தாங்க. உங்க ஜனத்துக்கு உச்சரிப்பு நல்லா வரும்னாங்க. நான் சும்மா இருந்தேன். நீங்களும் சும்மா இருங்க."

"எங்கப்பா சும்மா இருந்தாரு. எனக்கு நக்கோம்மா."

"எனக்கு வேணும் டாடி."

 அவர் எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். மெர்சி உள்ளே போய்க் காபி கலந்துகொண்டு வந்தாள். அவருக்கும் ஒரு டம்ளர் வைத்தாள், சத்தமாக.

அந்தக் கூட்டத்தில் உங்களில் பலர் இருந்தீர்கள். வாக்கர், ஃபுல்லர், டக்கர் வரை எல்லோரும் ரசித்துக் கேட்டோம். பல் டாக்டரைச் சொன்னபோது சிரிப்பு. பிறகு ஆவாரம் பட்டையைச் சொன்னார். தொட்டியைச் சொன்னார். தாத்தா எந்தத் தெருவில் பிறந்தார், அந்தத் தெருவுக்கு ஊரார் என்ன பெயர் வைத்திருந்தார்கள் என்பதைச் சொன்னார். குரல் ஏறவில்லை. "பிரிட்டன்ல இந்தப் பேரு எங்கெங்க இருக்குன்னு சொன்னேன். ஐதராபாத்துல எங்க இருக்குன்னா, லாலாகுடாவுல ஒரு வீட்ல இருக்கு. நன்றி" என்று உட்கார்ந்தார்.

 முன்வரிசையிலிருந்து ஒருவர் மெல்ல, "இதை இங்க சொல்லணுமா சார்?" என்றார்.

"தலைப்பு நீங்க குடுத்தது சார்."

"அப்போ, வருஷா வருஷம் நீங்க எங்களுக்குக் கொடுத்த அந்தக் கிறிஸ்மஸ் கேக்?"

"அது நெஜக் கேக்குதான்."

யாரோ சிரித்தார்கள். கேசரி வந்தது. சாப்பிட்டோம்.

திங்கட்கிழமை பஸ்ஸில் நடந்தது எல்லோருக்கும் தெரிந்திருக்காது. பின்வரிசையில் முறுக்கு டப்பா திறந்தால் அது வரிசை வரிசையாக முன்னால் வரும், தினசரி வழக்கம். அன்று எங்களுக்குப் பின்வரிசை வரை வந்தது. அங்கிருந்து திரும்பிப் போனது. டேனர் சார் எழுந்து, பின்பக்கம் திரும்பி நின்று, கையை நீட்டினார்.

"இன்னா சார், முறுக்கு தீந்துட்ச்சா, ரூட் மாறிட்ச்சா?"

முதலில் யாதகிரி சிரித்தார், தமிழ் தெரியாதவர். பிறகு பஸ். டப்பா வந்தது. அது யாருடைய டப்பா என்று நான் எழுதப்போவதில்லை. டப்பாவுக்குச் சொந்தக்காரரும் அன்று சிரித்தார். அதன் பிறகு டப்பா ஒருநாளும் வழி மாறவில்லை.

மெர்சிக்கு அப்படி எழுந்து நிற்க இடம் இருக்கவில்லை. பள்ளி வாசலில் ஒரு தாய், "நீங்க ஆங்கிலோ இந்தியன் இல்லையாமே" என்று கேட்டார். பேச்சுப்போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும் பொறுப்பு அவளிடமிருந்து வேறொருவருக்குப் போனது. காரணம் யாரும் சொல்லவில்லை. மிஸ் டேனர் என்று கூப்பிட்டவர்கள் மிஸ் மெர்சி என்று கூப்பிடத் தொடங்கினார்கள். வேலை இருந்தது. வீட்டில் அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

அவரே ஒருநாள் பஸ்ஸில் சொன்னார். "எம்மேல கோவமான்னு கேட்டேன். ஹவ்னு சொன்னா, ஆமான்னு. அவ்ளோதான். இல்லன்னு சொல்லல பாருங்க. நல்லது."  நல்லது என்று அவருக்கே சொல்லிக்கொண்டது போலிருந்தது.

கடைசி வருடத்தில் அவர் வீட்டுக்குத் தொலைபேசி இணைப்பு வந்தது. பல வருடம் காத்திருந்து கிடைத்தது. யாரிடம் பேசப்போகிறீர்கள் என்று கேலி செய்தோம். "பேசறதுக்கு யாருக்கு வேணும்? புக்குல பேரு வரணும்" என்றார். எக்ஸ்சேஞ்சுக்கு நேரில் போய், சாமுவேல் என்று எஸ் எழுத்தில் போட்டுவிடாதீர்கள், டி எழுத்தில் போடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார்.

அவர் இறந்த அன்று மாலையே அடக்கம். மண் மூடிய பிறகு மரச்சிலுவையில் எழுத ஒரு பெயிண்டர் வந்திருந்தான். பெயர் கேட்டான். உறவினர் ஒருவர் மெர்சியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "சாமுவேல்னு போதும்ப்பா" என்றார். டேனர் என்ற பெயரால் மறுபடி பேச்சு எழாமல் அவளைக் காப்பாற்றுவதற்காகத்தான் சொன்னார். பள்ளியிலிருந்தும் இரண்டு டீச்சர்கள் வந்து நின்றிருந்தார்கள்.

மெர்சி, "நக்கோ அங்கிள்" என்றாள். பெயிண்டரிடம் போனாள். "சாமுவேல் டேனர்னு போடுங்க. இங்கிலீஷ்ல வேணாம். தமிழ்ல."

அவனுக்குத் தமிழ் எழுதத் தெரியாது. மெர்சிக்குப் பேசத்தான் வரும். என்னைப் பார்த்தாள். பேனா எடுத்து ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். அவன் அதைப் படம் வரைவதுபோல் ஒவ்வொரு வளைவாகப் பார்த்து எழுதினான். வெள்ளைப் பெயிண்ட் கொஞ்சம் வழிந்தது. அந்த எழுத்தில் அந்தப் பெயரைப் பார்க்கும் யாரும் அவரை இனி வேறொருவராக நினைக்க முடியாது. மெர்சி பெயிண்ட் காயும்வரை அங்கேயே நின்றாள்.

சென்ற வாரம் அலுவலகத்துக்குப் புதிய டைரக்டரி வந்தது. டி எழுத்தைத் திறந்தேன். அவருடைய இந்தப் பழக்கம்தான் என்னிடம் தங்கியிருக்கிறது. எந்த ஊருக்குப் போனாலும் புத்தகத்தைத் திறந்து, யார் எங்கே இருக்கிறார்கள், அவர்கள் பாட்டனார் என்ன வேலை செய்தார், அது யாருக்கு மறந்துபோனது, யாருக்கு மறக்க அனுமதி இல்லை என்று பார்ப்பது. ஐதராபாத்தில் ஒரே ஒரு டேனர். லாலாகுடா.

முரளியின் பல் டாக்டர் என்றாவது இந்த ஊருக்கு வரக்கூடும். ஓட்டல் அறையில் பொழுது போகாமல் புத்தகத்தைப் புரட்டி, தன் பெயரைப் பார்த்து ஆச்சரியப்பட்டு, போன் செய்யக்கூடும். மெர்சி எடுப்பாள். அந்தப் பெயருக்கு என்ன பொருள் என்று அவருக்குச் சொல்வாள்.