செல்களுக்குக் காட்டிய சாம்பிராணி

என் வேலையைச் சுருக்கமாகச் சொன்னால், அமுக்கிப் பார்ப்பது. நுரையீரலின் உள்சுவரில் இருக்கும் வகைச் செல்களை வட்டத் தட்டுகளில் வளர்ப்பேன். அவற்றுக்குச் சிலிக்கா நானோ துகள்களைக் கொடுப்பேன். பிறகு ஒவ்வொரு செல்லாக அமுக்கி, எவ்வளவு அமுங்குகிறது என்று அளப்பேன். விரல் இதற்கு உதவாது. தலைமுடியை விட மெல்லிய தகடு ஒன்று, அதன் நுனியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மணி, அவ்வளவுதான் கருவி. செல் மெத்தென்று இருந்தால் கணினித் திரையில் கோடு சோம்பலாக ஏறும். விறைப்பாக இருந்தால் விருட்டென்று செங்குத்தாகப் போகும்.

இதை முதன்முதலில் அத்தாவிடம், அதாவது என் அப்பாவிடம், விளக்கியபோது அவர் கீழமாசி வீதியில் எங்கள் கடையில் பேரீச்சம்பழப் பெட்டி ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஒரு பழத்தை எடுத்து இரண்டு விரலால் அமுக்கிக் காட்டி, "இதுக்கா அம்புட்டுப் படிப்பு? நான் பொழுதன்னைக்கும் இதத்தானம்மா செய்யிறேன்" என்றார். கடையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எனக்குக் கோபம் வர நேரமே ஆகாது, போவதற்கும் ஆகாது. பஸ் ஏறுவதற்குள் நானும் சிரித்துவிட்டேன், ஏனென்றால் அவர் சொன்னதில் தப்பில்லை.

செல்லுக்குள் நார் நாராக ஒரு சாரம் கட்டியிருக்கும். கட்டடத்துக்கு வெளியே கட்டுகிற சாரம் மாதிரி, ஆனால் உள்ளே. சிலிக்கா துகள்களை விழுங்கிய செல்லில் அந்த நார்கள் இறுகிக்கொள்கின்றன, செல் விறைத்துப்போகிறது என்பதுதான் என் ஆராய்ச்சியின் மொத்த விஷயமும். மூச்சுக்கு மூச்சு விரிந்து சுருங்க வேண்டிய இடம் அது. அங்கே மருந்தைச் சுமந்து போகட்டும் என்று நாம் அனுப்பும் துகளே அதை விறைக்க வைத்துவிட்டால் என்ன செய்வது? இந்தக் கேள்வியோடுதான் நான் வருஷக்கணக்காகக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தேன்.

முதல் தடவை அளந்தபோது நான் நினைத்தபடியே வந்தது. இரண்டாம் தடவையும் வந்தது. என் கைடு கறாரான அம்மா. "மூணாவது தடவையும் வரட்டும், அப்பறம் குழு முன்னாடி போய் வாயத் திறக்கலாம்" என்று சொல்லிவிட்டார். என் ஆராய்ச்சியை மதிப்பிடும் அந்தக் குழு கூடும் தேதியும் நெருங்கிக்கொண்டிருந்தது. இந்த மூன்றாம் அளவீடு சரியாக வந்தால் ஆய்வேட்டை எழுத உட்காரலாம். வராவிட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இடையில் ஆயுத பூஜை வந்தது. விடுமுறைக்கு முந்தின நாளே எங்கள் ஆய்வகத்தில் பூஜை போட்டுவிடுவோம். வாசலில் வாழைக்கன்று, நுண்ணோக்கியின் பக்கவாட்டில் சந்தனப் பொட்டு, ஆளுக்கொரு பொட்டலம் பொரிகடலை. லென்ஸ் பக்கம் குங்குமம் போகக் கூடாது, இயந்திரத்தின் மேல் பூ வைக்கக் கூடாது என்று கைடு சட்டமெல்லாம் போட்டிருந்தார். சாம்பிராணி மட்டும் நான் சேர்ந்த வருடத்திலிருந்தே எங்கள் கடைச் சரக்குதான். அத்தா தன் கையாலேயே நல்ல கட்டிகளாகப் பொறுக்கித் தருவார். "படிக்கிற எடத்துக்குப் போறது, மட்டமாப் போகக் கூடாது" என்பார். எங்கள் வீட்டிலும் வியாழக்கிழமை அந்தி நேர மஃரிப் தொழுகைக்குப் பிறகு சாம்பிராணி போடுவோம். அதனால் அந்தப் புகையில் எனக்கு எந்த வேற்றுமையும் தெரிந்ததில்லை.

தூபக்காலை எடுத்தது எங்கள் ஆய்வகத்தின் மூத்த மாணவி. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். திருமங்கலத்துக்குத் தெற்கே கிராமம். அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்கிய குடும்பத்தில் முதல் ஆராய்ச்சி மாணவி அவர். செல்களோடு பேசுவார். "என்ன தங்கங்களா, பசிக்குதா?" என்று கேட்டுக்கொண்டேதான் உணவு மாற்றுவார். அன்றைக்கு எல்லா இயந்திரங்களுக்கும் புகை காட்டிவிட்டு, செல்கள் வளரும் இன்குபேட்டர் முன்னால் வந்து நின்றார்.

"ஏ புள்ள, கதவத் தொற. எங்க ஊர்ல டிராக்டருக்குக் காட்டுனா தொழுவத்துக்கும் காட்டுவோம். உசுரு உள்ளதுக்குக் காட்டாம மெசினுக்கு மட்டும் காட்டுனா எப்புடி?"

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. எங்கள் கடையிலும் அலமாரியைத் திறந்து உள்ளே காட்டுவதுதானே வழக்கம்? கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன். அக்கா உள்ளே மூன்று சுற்று நிறைவாகக் காட்டினார். கைடு கைகூப்பிக் கண்ணை மூடி நின்றார். எங்கள் பட்டங்களை ஒட்டவைத்தால் ஒரு சுவரே நிறையும். அத்தனை படிப்பிலும் ஒருவருக்குக் கூட ஒன்றும் தோன்றவில்லை.

விடுமுறை முடிந்து வந்து அளந்தேன். துகள் கொடுத்த செல்கள் விறைப்பாக இருந்தன. நல்லது. ஒன்றுமே கொடுக்காமல், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்திருந்த செல்களும் விறைப்பாக இருந்தன. இரண்டும் ஒன்று என்றால் துகள் எதையும் செய்யவில்லை என்று அர்த்தம், நான் இத்தனை வருஷம் சொன்னதெல்லாம் பொய் என்று அர்த்தம். தகட்டை மாற்றினேன், மணியை மாற்றினேன், இயந்திரத்தைத் திட்டினேன். அடுத்த தலைமுறைச் செல்களும் அப்படியே விறைத்துக்கொண்டு நின்றன. ஆறுதல் சொல்ல வந்த அக்காவிடமும் எரிந்து விழுந்தேன். பாவம், அவர் எனக்காக வாங்கி வந்த டீயை அவரே குடித்தார்.

இன்குபேட்டரில் ஈரப்பதத்துக்காக ஒரு தட்டில் தண்ணீர் வைத்திருப்போம். அதை மாற்றுவதற்காக உள்ளே தலையை விட்டேன். வாசனை வந்தது. எங்கள் கடை வாசனை! சாதாரணச் சாம்பிராணி கூட இல்லை, அத்தா பொறுக்கிக் கொடுத்த முதல் தரம். தலையை வெளியே எடுக்காமலே கத்தினேன். அக்கா ஓடி வந்து மோந்தார். கைடு வந்து கண்ணாடியைக் கழற்றிவிட்டு மோந்தார். பிறகு ஒன்றும் கொடுக்காத செல்களை நுண்ணோக்கியில் வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தோம். செல்லுக்குள் பொடிப் பொடியாகக் கறுப்புப் புள்ளிகள்.

சாம்பிராணிப் புகையிலும் இருப்பது நானோ துகள்தான். ஒரு தட்டுக்கு நான் அளந்து அளந்து கொடுத்த சமாச்சாரத்தை, எதுவுமே கொடுக்கக் கூடாத தட்டுக்கு நாங்கள் பக்தியோடு மூன்று சுற்று கொடுத்திருக்கிறோம். கைடு சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தார். "நானுல்ல கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டு நின்னேன்!"

ஆனால் அது ஊகம்தான். உறைநிலையில் வைத்திருந்த புதுச் செல்களை எடுத்து, பக்கத்துத் துறையின் இன்குபேட்டரில் வளர்த்து, மறுபடி அளந்தால்தான் நிச்சயம். செல் வளர்வதற்கு நாளாகும். அவசரப்படுத்த முடியாது.

வீட்டில் இந்தக் கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன். அம்மா சிரித்தார். அத்தா சிரிக்கவில்லை. சாப்பிட்ட கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். "நான் குடுத்ததுதானம்மா அது?" என்றார். உங்கள் மேல் என்ன தப்பு என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. அதிலிருந்து தினமும் காலையில் நான் செருப்பு மாட்டும்போது வாசல் வரை வந்து, "அதுக வளந்துருச்சாம்மா?" என்று கேட்பார். வளரும் அத்தா என்பேன். தலையை ஆட்டிக்கொள்வார். கடையில் வாடிக்கையாளர்களோடு வம்பளப்பதையே விட்டுவிட்டார் என்று அம்மா சொன்னார். எனக்கு என் ஆய்வேட்டை விட அது பெரிய கவலையாகிப் போனது.

குழு கூடுவதற்கு முந்தின நாள் செல்கள் தயாராகின. ஒன்றும் கொடுக்காத தட்டை முதலில் வைத்தேன். தகடு இறங்கியது. கோடு சோம்பலாக ஏறியது. அடுத்த செல்லும் அப்படியே, அதற்கடுத்ததும். துகள் கொடுத்த தட்டை வைத்தேன். விருட்டென்று நிமிர்ந்தது. அக்கா என்னைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். கைடு எல்லாக் கோடுகளையும் நிதானமாகப் பார்த்து முடித்தார். "புகை பட்ட செல்லோட அளவையும் அழிக்காத. அதையும் குழுவுக்குக் காட்டு" என்றவர் அக்கா பக்கம் திரும்பி, "சாம்பிராணிப் புகை செல்லை என்ன பண்ணுதுன்னு இனிமே நீ பாரு. ஆரம்பிச்சு வச்சது நீதான?" என்றார். அக்காவுக்கு வெட்கமும் சந்தோஷமும் தாங்கவில்லை.

நான் வராந்தாவுக்கு ஓடிப்போய் அத்தாவைக் கூப்பிட்டேன். கடையில் கூட்டம், ஒரே இரைச்சல்.

"அத்தா, மெத்துன்னு இருக்குத்தா. மெத்துன்னு இருக்க வேண்டியது மெத்துன்னு, வெறைக்க வேண்டியது வெறைப்பா."

"அப்ப நான் ஒண்ணும் கெடுக்கலியேம்மா?" என்றார்.

"இல்லத்தா. ஒண்ணுமே கெடல."

அவர் விட்ட மூச்சு எனக்குப் போனில் கேட்டது. இத்தனை நாளும் அதை உள்ளேயே பிடித்துவைத்துக்கொண்டு வியாபாரம் பார்த்திருக்கிறார் மனுஷன்.

"என்ன பாய், நல்ல சேதியா?" என்று யாரோ கேட்பது கேட்டது.

நார், துகள், செல் என்று நான் சொன்னதில் எதையும் அவரால் திருப்பிச் சொல்ல முடியவில்லை. "எம் மக சொன்னது சரியாம்ண்ணே" என்றார். பிறகு, கடை முழுவதற்கும் கேட்கிற மாதிரி இன்னொரு தடவை சொன்னார்.