மழைக்குத் தாங்கும் குழல்

மகளுக்குத் துவக்கால் குறிபார்த்துச் சுடும் விளையாட்டில் விருப்பம் வந்தது, அவள் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு. கணக்கு அலுவலகத்தில் கூட வேலை செய்யும் பிரெஞ்சுப் பெண் ஒருத்தி அவளைக் கிளப்புக்கு அழைத்துப் போனாள். அதிலிருந்து சனிக்கிழமைகளில் மகள் வீட்டில் இல்லை. முதல் பதக்கம் கிடைத்தபோது மனைவி அதைச் சாமிப்படங்களுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

போட்டி பார்க்க வரச்சொல்லி மகள் என்னைப் பலமுறை கேட்டாள். சனிக்கிழமைதான் கடையில் கூட்டம் என்று சொல்லிவிடுவேன். அது பொய்யல்ல. எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லா சப்பலில் நான் வேலை செய்யும் மரக்கறிக் கடைக்கு அன்றைக்குப் புறநகர்களான செவ்ரானிலிருந்தும் ஓல்னேயிலிருந்தும் ஆட்கள் குடும்பமாக வருவார்கள். முருங்கைக்காய்ப் பெட்டியை உடைத்து வைத்துவிட்டுத் திரும்பினால் பெட்டி வெறுமையாக இருக்கும்.

ஆனால் காரணம் வேறு. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிறகு சில வருடங்கள் ஊரில் இயக்கத்தில் இருந்து துவக்குத் துடைத்தேன். எனக்குத் தந்த வேலை அதுதான். ஒரு கொட்டிலுக்குள் இருந்து, வருகிற துவக்குகளைக் கழற்றி, கம்பியில் சீலைத் துண்டைச் சுற்றிக் குழலுக்குள் விட்டு இழுத்து, எண்ணெய் போட்டு அனுப்புவேன். துவக்குகள் திரும்பி வரும். கொண்டுவருகிற ஆட்கள் மாறியிருப்பார்கள்.

கல்யாணம் பேசியபோதே மனைவியிடம் இதைச் சொன்னேன். பிள்ளைக்கு மட்டும் தெரியக்கூடாது என்று அவள் பின்னர் கேட்டுக்கொண்டாள். இங்கே பிறந்து இங்கே வளர்கிற பிள்ளை தகப்பனை வேறு கண்ணால் பார்க்கக்கூடாது என்றாள். எனக்கும் அந்த ஒன்றுதான் வேண்டியிருந்தது.

2009இல் ஊரில் நடந்த சண்டையை நிறுத்தச் சொல்லி எங்கள் ஆட்கள் எல்லோரும் கடைகளைப் பூட்டிவிட்டு இங்கே தெருவில் நின்றபோது நானும் நின்றேன். மே மாதம் அங்கே எல்லாம் முடிந்த பிறகு கடைகளைத் திறந்தார்கள். நானும் பெட்டி தூக்கினேன். அங்கே உங்களுக்குத் தெரிந்த ஆட்கள் இருந்தார்களா என்று, அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த மகள் பிரெஞ்சில் கேட்டாள். இல்லை என்றேன். பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரித்தான் அதற்குப் பிறகு நான். தொட்டால் தொடுவது தெரியும். வேறொன்றும் தெரியாது.

சொந்தத் துவக்கு வாங்க அவளுக்கு அனுமதி வந்தபோது, கடைக்காவது கூட வரும்படி கேட்டாள். என்னுடைய லீவு நாளாகப் பார்த்து வைத்திருந்ததால் சாட்டுச் சொல்ல முடியவில்லை. மரக்கறிக் கடையில் என்னோடு நிற்பவர் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"குமர்ப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நகைக்கடைக்கெல்லோ அண்ணை போகோணும். மாப்பிள்ளையை வெருட்டித்தான் பிடிக்கப் போறீங்களோ?"

துவக்குக் கடை கார் து லெஸ்த் ரயில் நிலையத்துப் பக்கம் ஒரு சின்னத் தெருவில் இருந்தது. கடைக்காரர் வயதானவர், மரியாதையானவர். ஒரே மாதிரி இரண்டு துவக்குகளை மேசையில் வைத்தார். அவர் சொன்னதில் எனக்கு விளங்காததை மகள் தமிழாக்கிச் சொன்னாள். ஒன்றின் குழலுக்குள் குரோம் பூசியிருக்கிறது. கறள் பிடிக்காது, துடைப்பது சுலபம், கனகாலம் தேயாது. ஆனால் பூச்சு எல்லா இடத்திலும் ஒரே அளவாக விழாது என்பதால் குறி ஒரு மயிரிழை விலகலாம். மற்றதில் பூச்சு இல்லை, வெறும் உருக்கு. குறி திறம். ஆனால் ஒவ்வொரு முறையும் சுட்ட பிறகு துடைத்து எண்ணெய் போட வேண்டும்.

கடைக்காரர் பூச்சுப் போட்டதைக் கழற்றிக் குழலை என்னிடம் நீட்டினார். தகப்பன் என்ற மரியாதைக்காகத்தான் நீட்டியிருப்பார். நான் வாங்கினேன். யோசிக்கவில்லை. குழலின் பின்வாயில் பெருவிரல் நகத்தை வைத்து, நகத்தில் விளக்கு வெளிச்சத்தைப் பிடித்து, முன்வாயில் கண்ணை வைத்து உள்ளே பார்த்தேன். வெள்ளி மாதிரி இருந்தது. பிறகு மற்றதையும் கழற்றி அப்படியே பார்த்தேன்.

ஐயாவுக்குப் பழக்கம் போலிருக்கிறது என்று கடைக்காரர் பிரெஞ்சில் சொன்னார். மகள் என் பெருவிரலைப் பார்த்தாள்.

"இதை எடு பிள்ளை," என்று குரோம் பூசியதைக் காட்டினேன். "ராமுழுக்க மழைக்குள்ள கிடந்தாலும் ஒண்டும் செய்யாது."

"மழைக்குள்ள ஏன் அப்பா கிடக்கோணும்?" என்றாள். "நாங்கள் சுடுறது கூரைக்குக் கீழதானே. கடதாசியிலதானே."

எனக்கு அது தோன்றவே இல்லை. மாரி காலத்தில் சேற்றுக்குள் படுக்கிற ஆட்களுக்குப் பூச்சுப் போட்டதைத்தான் பொறுக்கிக் கொடுப்போம். வெறும் குழல் விடியும்போது கறள் பிடித்துச் சிவந்துவிடும். நனையாத துவக்கு ஒன்று உலகத்தில் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. ஓட்டையிட்டுப் பார்க்கிற கடதாசிக்குக் குறிதான் முக்கியம். சின்னப் பிள்ளைக்கும் விளங்கும் விஷயம்.

அவள் குழலை என் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தாள். வெளியில் எப்போதும் பிரெஞ்சில் பேசுகிறவள், கடைக்காரருக்கு விளங்கக்கூடாது என்றுதானோ என்னவோ, மெல்லத் தமிழில் கேட்டாள்.

"அங்கை நீங்கள் இதோட இருந்தனீங்களோ?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது "ஓம்" தான்.

"சுட்டனீங்களோ?"

"துடைச்சனான்."

"துடைச்சது மட்டுமோ?"

"ஓம்."

நெஞ்சு அடிக்கும் என்று காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைக்காரர் துணியால் மேசையைத் துடைத்துக்கொண்டு நின்றார். மகள் அவரிடம் பூச்சில்லாத துவக்கை எடுப்பதாகச் சொன்னாள். லா சப்பல் வரை நடந்தே வந்தோம். வழியில் அவள் அம்மாவுக்கு மிக்ஸர் வாங்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

துவக்கை அவள் தன்னுடைய அறையில் இரும்பு அலுமாரிக்குள் பூட்டி வைத்திருக்கிறாள். பூச்சில்லாத குழல் என்பதால் சனிக்கிழமை பின்னேரங்களில் கதவைச் சாத்திக்கொண்டு துடைப்பாள். கதவு ஏன் என்று மனைவி கேட்டால், எண்ணெய் மணம் உங்களுக்குத் தலையிடி என்பாள். மணம் எப்படியும் கதவுக்குக் கீழால் வரும்.

தனக்குத் தெரியும் என்று அவள் தாயிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் கையைக் கழுவிவிட்டு வந்து எனக்கு எதிரில் இருப்பாள். முன்பு போனைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவாள். இப்போது நான் சோறு குழைக்கிற கையைப் பார்க்கிறாள். அது வெறுப்பா, பரிதாபமா, வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியவில்லை. கையை மறைக்காமல் சாப்பிட்டு முடிப்பேன்.