மாடிக்கு ஏறிய ஐஸ் கட்டி

யுத்த சமயத்தில் எங்கள் மயிலாப்பூர் வீட்டு மாடியில் ஒரு காலேஜ் வாத்தியார் குடியிருந்தார். ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு தெர்மாமீட்டர் இருக்கும். தினமும் மரத்தூள் ஒட்டிய ஐஸ் கட்டியோடு படியேறுவார். எதற்கென்று கேட்டால் சிரிப்பார். மாடியில் ஒயரும் பாட்டரியும் வேறு இருந்தன. எதிரிக்குத் தகவல் அனுப்புகிறாரோ என்று பயந்து போலீசுக்கு மொட்டைக் கடுதாசி போட்டேன்.

போலீஸ்காரர்கள் வந்து அவரையும் சாமான்கள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார்கள். ஒரு வாரம் கழித்து அவர் ஒரு தகர டப்பாவோடு திரும்பினார். உள்ளே கூழ் போல ஏதோ இருந்தது.

"இது என்ன சார்?"

"ஒரு தினுசு உப்புப் படிகம், சாப்பிடற உப்பு இல்லே. மூணு மாசமா வளர்த்தேன். ஹைட்ரஜன்தான் இதை உள்ளே கோத்து வச்சிண்டிருக்குன்னு நினைக்கறேன். குளிர்ச்சியா இருந்தா, மின்சாரம் தள்ளின திசையை ஞாபகம் வச்சுக்கும். சூடேறினா மறந்துடும். எந்த டிகிரியில மறக்கறதுன்னு பார்த்துண்டிருந்தேன். ஸ்டேஷன்ல போலீஸ்காரா வெயில்ல வச்சுட்டா. உருகிடுத்து."

"இனிமே என்ன பண்ணப்போறேள்?"

"மறுபடி வளர்க்கணும். புது ஜாடிக்கெல்லாம் லேபிள் நீங்களே எழுதித் தாங்கோ. உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கு."

அன்று சாயங்காலமே எழுதிக் கொடுத்தேன். என் கையெழுத்தை எங்கே பார்த்தார் என்று மட்டும் நான் கேட்கவில்லை.